வீடு அவருக்கு, மண் ஊருக்கு

சிமென்டும் மரமும் கொத்தனார் கூலியும் ஊருக்கு ஊர் கொஞ்சம்தான் மாறும். வீட்டு விலையை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோவது அடிமனையின் விலை. கட்டடம் பழசாகி மதிப்பு குறைந்தாலும், பக்கத்தில் ரயில் நிலையமோ கல்லூரியோ வந்துவிட்டால் மனை விலை ஏறிவிடும். அந்த ஏற்றத்தை உண்டாக்குவது ஊர், பலனோ மனைக்காரருக்கு. இந்த முடிச்சை அவிழ்க்க அமெரிக்காவில் சில ஊர்கள் ஐம்பது ஆண்டுகளாக முயன்று வருகின்றன.

வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 1981இல் வெறும் பத்து ஓட்டு வித்தியாசத்தில் மேயரானார் பெர்னி சாண்டர்ஸ். அவருடைய நிர்வாகம் இரண்டு லட்சம் டாலர் முதல் கொடுத்து, 1984இல் ஒரு நில அறக்கட்டளை உருவாக வழி செய்தது. இன்று அதன் பெயர் சாம்ப்ளெய்ன் வீட்டு அறக்கட்டளை.

ஏற்பாடு இதுதான்: வீட்டை வாங்குகிறவர் கட்டடத்துக்கு மட்டுமே சொந்தக்காரர். மண் அறக்கட்டளையிடம் இருக்கும். நீண்டகாலக் குத்தகையில் அவருக்கு வரும். அமெரிக்க நில அறக்கட்டளைகளில் பெரும்பாலும் இது 99 ஆண்டுக் குத்தகை. பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் கேட்கிற விலைக்கு விற்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தையில் 2,00,000 டாலர் பெறும் வீடு. அறக்கட்டளை திரட்டிய உதவித்தொகை 50,000 போக, குடும்பம் 1,50,000க்கு வாங்குகிறது. சில ஆண்டுகளில் மதிப்பு 2,60,000 ஆகிறது. ஏறிய 60,000இல் நான்கில் ஒரு பங்கு, அதாவது 15,000, விற்கிறவருக்கு. கடனில் அவர் அடைத்திருந்த அசலும் அவருடையதே. அடுத்து வரும் குடும்பத்துக்கு வீடு 1,65,000க்குக் கிடைக்கிறது. ஒரு தடவை போட்ட உதவிப் பணம் மண்ணோடு தங்கி, தலைமுறை தாண்டியும் வேலை செய்கிறது.

முழு லாபத்தையும் ஏழைக்குத் தராமல் பிடித்து வைப்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த முதல் குடும்பத்துக்குச் சந்தை விலையில் வீடே கிடைத்திருக்காது. ஊர்ப் பணத்தில் கிடைத்த சலுகையை ஒரே ஆள் எடுத்துக்கொண்டு போனால் அடுத்தவர் தெருவில்தான் நிற்க வேண்டும். என் மனம் அறக்கட்டளையின் பக்கமே சாய்கிறது. வீட்டுக்கடன் நெருக்கடியின்போது அதன் பலம் தெரிந்தது. 2010 முடிவில் அமெரிக்காவின் வீட்டுக்கடன்களில் 4.63 சதவீதம் ஜப்தி நடவடிக்கையில் இருந்தன. நில அறக்கட்டளை வீடுகளில் அது 0.46 சதவீதம். வாங்குவதற்கு முன்பே வரவு செலவைச் சரிபார்ப்பதும், தவணை தவறும்போது அறக்கட்டளை கூட நிற்பதும் இதற்குக் காரணம்.

மண்ணை ஊருக்காகக் கையாளும் இன்னொரு அமைப்பு நில வங்கி. அது வேறு வகை. மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரில் கார் தொழிற்சாலைகள் மூடப்பட, 1960இல் இரண்டு லட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை 2020இல் 81,000 ஆனது. வரி கட்ட ஆளில்லாத வீடுகள் பாழாகின. அவற்றை ஏலத்தில் சல்லிசாக எடுத்தவர்கள் பழுது பார்க்காமல் கைமாற்றினார்கள். 1999இல் வந்த மாநிலச் சட்டம் வரிப் பாக்கி நடவடிக்கையைச் சுருக்கியது. ஃப்ளின்ட் அடங்கிய ஜெனசி கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) பொருளாளர் டான் கில்டீ முன்னின்று அமைத்த நில வங்கி, அப்படிக் கைக்கு வந்த மனைகளின் வில்லங்கத்தைத் தீர்த்து, இடிக்க வேண்டியதை இடித்து, மற்றதைக் குடியிருக்கத் தகுந்ததாக்கி விற்கத் தொடங்கியது.

நல்ல வேலைதான். ஆனாலும் நில வங்கி கடைசியில் விற்கத்தான் போகிறது. நிபந்தனை இல்லாமல் விற்ற மனை, ஊர் தேறியதும் மறுபடி வியாபாரிகளிடமே சேரும். பாழ் மனையைச் சட்டப்படி எடுக்கும் அதிகாரம் நில வங்கிக்கு உண்டு. எடுத்ததை விலை ஏறாமல் காக்கும் ஏற்பாடு அறக்கட்டளையிடம் உண்டு. இரண்டும் கைகோத்தால்தான் பயன் நிலைக்கும்.

பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் டட்லி தெரு மக்கள் ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள். காப்பீட்டுப் பணத்துக்காக வீடுகள் கொளுத்தப்பட்டு, காலி மனைகளில் வெளியூர்க் குப்பை கொட்டப்பட்ட இடம் அது. 1984இல் சங்கமாகத் திரண்டவர்கள், 1988இல் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகரத்திடம் கேட்டு வாங்கினார்கள். கிடைத்த மண்ணை அறக்கட்டளையில் வைத்து வீடு கட்டினார்கள்.

இந்த யோசனையின் வேர் ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. 1951 ஏப்ரலில் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கம், தனி ஆளுக்கு நிலம் கொடுத்தது. கடனில் சிக்கியவர்கள் அதையும் இழந்தார்கள். ஆகவே நிலம் கிராமத்தின் பேரிலேயே இருக்கட்டும் என்று கிராமதானம் வந்தது. தமிழகத்தில் காந்தியத் தம்பதியரான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அதற்காக ஊர் ஊராக நடந்தார்கள். அந்த யோசனையை அமெரிக்காவில் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் பாப் ஸ்வான். சார்லஸ் ஷெராட், ஸ்லேட்டர் கிங் முதலிய கறுப்பினத் தலைவர்களோடு சேர்ந்து அவர் 1969இல் ஜார்ஜியாவில் 5,700 ஏக்கர் அளவில் உருவாக்கிய 'நியூ கம்யூனிட்டீஸ்' தான் அந்நாட்டின் முதல் சமூக நில அறக்கட்டளை. வறட்சிக் காலத்தில் கடன் மறுக்கப்பட்டு 1985இல் அந்த நிலம் பறிபோனது. அந்த மறுப்புக்காக நடந்த இனப் பாகுபாட்டு வழக்கில் 2009இல் 1.2 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது.

கிராமதானம் நமக்குப் பாடப் புத்தகத்தில் முடிந்துபோன ஓர் அத்தியாயம். வீட்டு மனைத் திட்டங்களை வகுக்கிறவர்கள் அதை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும். பொது நிலத்தை விற்பதற்கு முன், குத்தகைக்கு விட முடியுமா என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.