மினுக்கல் போகலாம், விடியல் போகலாமா?

சென்ற பொங்கலன்று எங்கள் வீட்டு வாசலில் என் மனைவி கோலம் போட்டதைப் பேரன் மாடியிலிருந்து படமெடுத்தான். காலை 6 மணி முதல் 8 மணி வரை, 5 விநாடிக்கு ஒன்றாக 1,440 படங்கள். விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் ஒரே நிமிடத்தில் கோலம் வளர்ந்து பொழுதும் விடிந்துவிடும். ஆனால் ஓட்டிப் பார்த்தபோது, பழுதான டியூப் லைட் போலப் படம் மினுங்கியது!

காரணம் எளிது. காமிரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைப் புதிதாக அளக்கிறது. வெளிர்நிறப் புடவை நடுவே வந்தால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்குகிறது. புடவை நகர்ந்தால் அடுத்த படம் வெளுக்கிறது. எக்ஸ்போஷரை ஒரே அளவில் பூட்டி வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். விடியற்காலையில் அது உதவாது. 6 மணிக்குப் பொருந்தும் அளவு, 8 மணிக்குப் படத்தை முழுக்க வெளுக்கச் செய்துவிடும். ஆகவே பிறகு எடிட் செய்யும்போதுதான் திருத்த வேண்டும்.

பேரன் முதலில் எல்லாப் படங்களையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். மினுக்கல் போயிற்று, கூடவே விடியலும் போயிற்று!

எனக்கு ரயில் பாதை நினைவுக்கு வந்தது. தண்டவாளம் ஓரிடத்தில் தாழ்ந்தால் அடியில் ஜல்லியை இறுக்கி மட்டம் சேர்ப்போம். அதற்காக அங்குள்ள ஏற்றத்தையே நீக்கிவிடுவோமா? குலுக்கல் போக வேண்டும். ஏற்றம் இருக்க வேண்டும்.

முறை இதுதான். முதலில், படத்தில் அசையாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் எதிர்வீட்டுச் சுவரை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு படத்திலும் அந்த இடத்தின் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட வேண்டும். முன்னும் பின்னும் உள்ள பத்துப் பத்துப் படங்களின் சராசரி 100, நடுப்படம் 80 என்றால், நடுப்படத்தை 1.25 மடங்கு கூட்ட வேண்டும். 'டீஃபிளிக்கர்' வசதியுள்ள மென்பொருள்கள் இந்தக் கணக்கைத் தாமே செய்கின்றன. பத்து என்பதை மிகவும் கூட்டினால் உண்மையான மாற்றமும் மழுங்கும். மிகவும் குறைத்தால் மினுக்கல் மிஞ்சும். முழுதும் வெளுத்துப்போன இடத்தை மட்டும் எந்தக் கணக்கும் மீட்காது. மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள்.

இதே சிக்கலைப் பெரிய அளவில் சந்தித்தவர்கள் நம் பெங்களூரிலேயே இருக்கிறார்கள். கோரமங்கலாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்ததுதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். அங்கே 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். அந்தப் பழைய படங்களைக் கணினியில் ஏற்றியபோது, வானின் தெளிவு, எக்ஸ்போஷர், கழுவிய விதம் ஆகியவற்றால் படத்துக்குப் படம் வேறுபாடு இருந்தது. எல்லாவற்றையும் கண்மூடித்தனமாகச் சமன் செய்தால், சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும் சூரியனின் உண்மையான மாற்றமும் மறைந்துவிடுமே! ஆகவே சூரியனின் அமைதியான பகுதியை அளவுகோலாகக் கொண்டு படங்களை ஒப்பிடத்தக்கவையாக்கினார்கள். எங்களுக்குச் சுவர்; அவர்களுக்கு அமைதியான சூரியன்!

திருத்திய படத்தை மறுபடி ஓட்டினோம். இருளில் புள்ளிகள் தோன்றின, சுவர் மெல்ல வெளுத்தது, வண்ணங்கள் மலர்ந்தன. "இப்பத்தான் பொழுது விடியுது" என்றாள் என் மனைவி. வரும் பொங்கலுக்கு நீங்களும் முயன்று பாருங்களேன்!