நெரிபட்ட குடலின் உயிர்த்தன்மையை அறிதல்

ஹெர்னியா எனப்படும் குடலிறக்கத்திலோ, முறுக்கிலோ, முந்தைய அறுவையால் உண்டான ஒட்டுப்பட்டையிலோ குடலின் ஒரு வளையம் சிக்கி இரத்த ஓட்டத்தை இழப்பது நெரிபட்ட குடலடைப்பு ஆகும். சிக்கிய பகுதி பிழைக்குமா என்பதை அறுவை மேசையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

இதன் காரணம் காவிரிப் படுகை மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். தமனியைப் பாசன வாய்க்கால் என்று கொண்டால் சிரையே வடிகால். சிரையின் சுவர் மெல்லியது; அழுத்தத்தில் அதுவே முதலில் மூடிக்கொள்ளும். வந்த இரத்தம் வெளியேற வழியின்றிக் குடல் வீங்கிக் கருஞ்சிவப்பாகும். வீக்கம் ஏற ஏறத் தமனியும் அடைபட்டு, சில மணி நேரத்தில் திசு அழுகத் தொடங்கும். எனவே கருத்த குடலெல்லாம் இறந்த குடல் அல்ல. நீர் தேங்கிய பயிர் வடிந்தபின் தலைதூக்குவதில்லையா?

அறுவை மருத்துவர் இறுக்கத்தை விடுவித்து, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் குடலைச் சுற்றி, நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்துச் சுமார் 10 முதல் 15 நிமிடம் காத்திருப்பார். இளஞ்சிவப்பு நிறம் திரும்புகிறதா, மேலுறையில் பளபளப்பு உள்ளதா, மெல்லத் தொட்டால் குடல் சுருங்கி அலைபோல் அசைகிறதா, குடல்தாங்கியில் நாடி துடிக்கிறதா என்று பார்ப்பார். நாடித்துடிப்பு மட்டும் இருந்தால் போதாது. இறுக்கிய வளையம் பதிந்த தடத்தைத் தனியே கவனிக்க வேண்டும். அழுகல் அங்கேயும் ஒளிந்திருக்கும். பச்சையாகவோ கருப்பாகவோ மாறி, ஒளியிழந்து துவண்டு கிடக்கும் பகுதி அகற்றப்படும்.

குடலிறக்கத்தில் வேறொரு பொறியும் உண்டு. மயக்க மருந்தால் தசை தளர்ந்ததும், பார்க்கும் முன்பே குடல் வயிற்றுக்குள் நழுவிவிடலாம். சில வேளை பையில் இரண்டு வளையங்கள் நலமாகத் தெரியும். அவற்றை இணைக்கும் நடுவளையம் வயிற்றுக்குள்ளே அழுகிக் கிடக்கும். 1895இல் இதை விவரித்த கரேல் மேடில் பெயராலேயே இவ்வகை அழைக்கப்படுகிறது.

இறந்த குடலை விட்டுவைத்தால் அது ஓட்டையாகி வயிற்றறை முழுதும் சீழ் பரவும். அளவுக்கு மீறி வெட்டினாலோ, சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் 2 மீட்டருக்கும் குறைவாக எஞ்சி, உண்ட உணவு உடலில் ஒட்டாது. ஆகவே நீண்ட பகுதியில் ஐயம் இருந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வயிற்றை மீண்டும் திறந்து பார்ப்பதுண்டு. ஃப்ளூரசீன், இண்டோசயனின் கிரீன் ஆகிய ஒளிரும் சாயங்களும் டாப்ளர் கருவியும் இரத்த ஓட்டத்தைக் காட்டித் துணைபுரிகின்றன. ஆனாலும் காத்திருந்து கண்ணால் பார்ப்பதே இன்றும் அடிப்படை.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இலும், திருவாரூரில் 2010இலும், நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டதால் டெல்டா கிராமங்களுக்குத் தொலைவு குறைந்துள்ளது. ஆனால் நெல்மூட்டை சுமப்போர் தொடைமடிப்பு வீக்கத்தைப் பொருட்படுத்தாமல், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடுவது எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு. அந்த வீக்கம் திடீரெனக் கெட்டியாகி வலித்து, உள்ளே போகாமல், வாந்தியும் வாயு பிரியாமையும் சேர்ந்தால், அமுக்கித் தள்ளவோ ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கவோ கூடாது. உணவும் தண்ணீரும் தராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.