தூக்கம் வரவில்லையா? படுக்கையை விட்டு எழுந்திருங்கள்!

ஓர் இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். “நேற்றே சரியாத் தூங்கல, இன்னிக்குச் சீக்கிரம் படுத்துடலாம்” என்று ஒன்பது மணிக்கே விளக்கை அணைப்பது. தூக்கம் வராது. புரண்டு படுத்து, செல்போனை எடுத்துப் பார்த்தால் மணி ஒன்றரை. ‘இப்போ தூங்கினாக்கூட நாலு மணி நேரம்தான்’ என்று மனம் கணக்குப் போடும். அந்தப் பதற்றம், வரவிருந்த தூக்கத்தையும் விரட்டிவிடும்.

பிரசவம், கடன், வீட்டில் ஒரு சாவு என்று ஏதோ ஒன்றில் தூக்கம் கெடுவது இயல்பு. அந்தக் கஷ்டம் தீர்ந்த பிறகும் ஏன் தூக்கம் திரும்புவதில்லை? அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980களில் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தார். இழந்த தூக்கத்தைப் பிடிக்க நாம் செய்யும் வேலைகளே, அதாவது முன்கூட்டியே படுப்பதும், விடிந்தும் எழாமல் கிடப்பதும், மதியம் கண்ணயர்வதும், தூக்கமின்மையை நிரந்தரமாக்குகின்றன.

அவர் சொன்ன சிகிச்சை கேட்பவரைத் திடுக்கிட வைக்கும்: படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை படுத்திருந்தும் ஐந்தரை மணி நேரமே தூங்குகிறீர்களா? இனி பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறுக்கு எழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஆறுதான். படுத்திருக்கும் நேரத்தில் சுமார் 85 சதவீதம் தூங்கத் தொடங்கியதும், வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டலாம். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. முதல் ஒன்றிரண்டு வாரம் பகலெல்லாம் கண் சொக்கும். அதனால் வண்டி ஓட்டுபவர்களும், வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்களும் தாங்களாகவே இதில் இறங்க வேண்டாம்.

படுக்கை நேரத்தைக் குறைப்பது ஏன் பலிக்கிறது? விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. மதியக் குட்டித் தூக்கம் அந்தச் சேமிப்பைக் கரைக்கிறது. காபி அடினோசினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. மாலை ஐந்து மணிக்குக் குடித்த காபியில் உள்ள காஃபினில் கிட்டத்தட்டப் பாதி, பலருக்கு இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும்.

இன்னொரு விதியை உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-லேயே வகுத்தார். கண் சொக்கினால் மட்டும் படுங்கள். கொஞ்ச நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் எதையாவது படியுங்கள். திரும்பவும் தூக்கம் வந்தால்தான் கட்டிலுக்கு. ஒற்றை அறை வீடென்றால் பாயைச் சுருட்டிவிட்டு ஒரு நாற்காலியில் உட்காரலாம். கடிகாரத்தை மட்டும் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

இந்தப் பயிற்சிகளெல்லாம் அடங்கியதே தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இதுதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. நம் ஊரிலோ முதலில் கைக்கு வருவது மாத்திரை. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதித் தந்த தூக்க மாத்திரையை வாங்கிப் போடுவது ஆபத்து. பல காலமாகச் சாப்பிடுபவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து; மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சடைப்பும் இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது விழித்தீர்கள் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி, போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.