எண்ணிம ஒளிப்படக்கருவியில் தவறுதலான பொத்தான் அழுத்தங்களைத் தவிர்த்தல்

டிஜிட்டல் கேமரா என்று பேச்சு வழக்கில் அழைக்கப்படும் எண்ணிம ஒளிப்படக்கருவியில் பல பொத்தான்களும் சுழல் வட்டுகளும் உள்ளன. கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும்போதோ, பையில் வைக்கும்போதோ இவற்றில் ஒன்று நாம் அறியாமலே அழுந்திவிடுவதுண்டு. இதனால் கருவி பழுதாவதில்லை. அமைப்பு மட்டும் மாறிவிடுகிறது. மாற்றம் தெரியாமல் எடுக்கும் படங்கள் வீணாகின்றன. இதைத் தடுக்கும் பூட்டுகள் பல கருவிகளில் உள்ளன. எந்தப் பூட்டு எதைக் காக்கும் என்று அறிந்திருந்தால்தான் அவை பயன்படும்.

ஏற்படும் பாதிப்புகள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் அருகே வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் உள்ளது. பருவ காலத்தில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் முதலிய பறவைகளை இங்கே காணலாம். ஏரிக்கரையில் நடப்பவரின் கழுத்தில் தொங்கும் கருவி ஒவ்வோர் அடிக்கும் வயிற்றில் உரசுகிறது. அப்போது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வட்டு +2 என்ற இடத்துக்கு நகர்ந்துவிட்டால், தேவையைப் போல 4 மடங்கு ஒளி பதிவாகும். வெள்ளை இறகுகளின் வரிகள் முற்றிலும் வெளுத்துப்போகும். பின்னர் கணினியிலும் அவற்றை மீட்பது கடினம். தானியங்கி நேரக்கணிப்பு 10 நொடிக்கு மாறியிருந்தால், பொத்தானை அழுத்தியதும் கருவி காத்திருக்கும். அதற்குள் பறவை பறந்துவிடும்.

1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட மாமல்லபுரத்தில் வேறு வகைச் சிக்கல் வரலாம். கடற்கரைக் கோயிலில் சூரிய உதயத்தைப் படம் எடுத்தபின், கருவியை அணைக்காமல் பையில் வைத்தால் நிகழ்படப் பொத்தான் அழுந்தக்கூடும். பைக்குள் இருட்டையே பதிவு செய்துகொண்டிருக்கும் கருவியின் மின்கலம், ஐந்து இரதங்களுக்குச் செல்வதற்குள் பெருமளவு தீர்ந்துவிடும்.

தொடுதிரையும் ஒரு காரணமாகும். கண்ணை வைத்துப் பார்க்கும்போது மூக்கு நுனி திரையில் பட்டு, குவியப் புள்ளி இடம் மாறுவதுண்டு. இடக் கண்ணால் பார்ப்பவர்களுக்கு இது அதிகம் நேரும்.

கருவியில் உள்ள பூட்டுகள்

1. முறைத்தேர்வு வட்டின் பூட்டு: 2010இல் வெளிவந்த கேனான் இ.ஓ.எஸ் 60டி கருவியில் வட்டின் நடுவே ஒரு பூட்டுப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தியபடி திருப்பினால்தான் வட்டு சுழலும். அவ்வாண்டின் இறுதியில், 7டி, 5டி மார்க் 2 ஆகிய கருவிகளுக்கும் கட்டணம் பெற்று இப்பூட்டைப் பொருத்தித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2013இல் வந்த ஒலிம்பஸ் ஓ.எம்-டி இ-எம்1 கருவியில் நடுப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மறுமுறை அழுத்தினால் திறக்கும்.

2. பொதுப் பூட்டு: பல கேனான் கருவிகளின் பின்புறம் 'லாக்' என்ற விசை உள்ளது. எந்தெந்த வட்டுகளை அது பூட்ட வேண்டும் என்பதை மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். சில சோனி கருவிகளில் மெனுவில் இவ்வசதியை இயக்கிய பின், 'எப்.என்' பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் வட்டுகள் பூட்டிக்கொள்ளும்.

3. மென்பொருள் வழி: தொடுதிரையை மெனுவில் அணைத்துவிடலாம். பல கருவிகளில் நிகழ்படப் பொத்தானுக்கு வேறு வேலை கொடுக்கவோ, எந்த வேலையும் இல்லாமல் செய்யவோ முடியும்.

படங்களைக் காத்தல்

மேற்கண்ட பூட்டுகள் அமைப்புகளைக் காப்பவை. எடுத்த படங்களைக் காப்பவை அல்ல. படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு 'பாதுகாப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தால், சாவிக் குறி தோன்றும். அதன்பின் குப்பைத்தொட்டிப் பொத்தானால் அப்படத்தை அழிக்க இயலாது. ஆனால் அட்டையை 'பார்மட்' செய்தால் சாவிக் குறியிட்ட படங்களும் போய்விடும். இந்த வேறுபாட்டை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

எஸ்.டி அட்டையின் பக்கவாட்டில் உள்ள சிறு நகர்வியைக் கீழே தள்ளினால் எழுதவும் அழிக்கவும் முடியாது. பிறரிடம் படங்களைக் காட்டும்போது இது உதவும். தவறுதலாகப் படங்கள் அழிந்துவிட்டால், அந்த அட்டையில் மேற்கொண்டு எதையும் பதிவு செய்யக்கூடாது. புதிய படங்கள் பழையவற்றின் மேல் எழுதப்படாதவரை, மீட்பு மென்பொருளால் அவற்றைப் பெற வாய்ப்புண்டு.

கடைப்பிடிக்க வேண்டியவை

• பையில் வைக்கும் முன் கருவியை அணைக்க வேண்டும்.
• வாரைக் கழுத்தில் தொங்கவிடுவதைவிட உடலுக்குக் குறுக்காக மாட்டினால் உரசல் குறையும்.
• கடற்கரையில் மணல் புகுந்தால் பொத்தான் அழுந்தியபடியே நின்றுவிடலாம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும். ரப்பர் காற்றூதியால் ஊத வேண்டும்.
• ஒவ்வோர் இடத்திலும் முதல் படத்தை எடுத்தவுடன் திரையில் பார்க்க வேண்டும். முறை, வெளிச்ச அளவு, ஐ.எஸ்.ஓ, நேரக்கணிப்பு ஆகிய நான்கையும் சரிபார்க்கச் சில நொடிகள் போதும்.

பூட்டும் சில வேளைகளில் குழப்பம் தரும். வட்டு சுழன்றும் எண் மாறாவிட்டால், கருவி பழுதாகிவிட்டது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். கடைக்கு எடுத்துச் செல்லும் முன், திரையில் பூட்டுக் குறி உள்ளதா என்று பார்ப்பது நல்லது. ஆகவே பூட்டும் முறையைக் கற்கும்போதே திறக்கும் முறையையும் கற்றுக்கொள்ள வேண்டும்.