ஒரே டிஸ்க், பல சர்வர்கள்

'கிளஸ்டர்' என்றால் பல கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் கோத்து ஒன்றுபோல வேலை வாங்குவது. இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கப்பட்ட 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் இந்த வகைதான். 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்!

வேகத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். டிஸ்க்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இத்தனை சர்வரும் ஒரே ஃபைலைப் படிக்கணும், எழுதணும். எப்படி?

"ஒரே டிஸ்க்கை ரெண்டு சர்வர்லயும் மவுண்ட் பண்ணிட்டா போச்சு" என்று தோன்றும். ஐஸ்கசி மூலம் அப்படிக் காட்டவும் முடியும், மவுண்டும் ஆகிவிடும். ஆபத்தே அங்கேதான்! ஈ.எக்ஸ்.டி.4 போன்ற சாதாரண ஃபைல் சிஸ்டம், டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நம்புகிறது. எந்த இடம் காலி என்ற கணக்கைத் தன் மெமரியில் வைத்துக்கொள்கிறது. எங்க வல்லத்திராக்கோட்டையில் ஒரே மனைகளை ரெண்டு தரகர் ஆளுக்கொரு நோட்டைப் பார்த்து விற்றால் என்ன ஆகும்? அதேதான். சில நிமிடத்தில் டேட்டா குப்பை.

எளிய வழி, ஒரே தரகர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-ல் கொண்டுவந்த என்.எஃப்.எஸ். அதுதான். டிஸ்க் ஒரு சர்வரிடம் மட்டும் இருக்கும். மற்றவை அதனிடம் கேட்டு வாங்கும். நம் லேபுக்கு இதுவே போதும். ஆனால் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் 'அசின்க்' என்று போடாதீர்கள். டிஸ்க்கில் எழுதும் முன்பே "எழுதியாச்சு" என்று சர்வர் சொல்லிவிடும். அந்த நேரம் கரண்ட் போனால் ஆறு மாத புராஜெக்ட் போச்சு! இன்னொன்று, எல்லா மெஷினிலும் யூசர் எண் ஒன்றாக இருக்கணும். பெயர் ஒன்றாக இருந்தால் போதாது.

அந்த ஒரு சர்வர் படுத்தால் எல்லாம் படுத்துவிடுமே என்பீர்கள். உண்மைதான். அதற்காகத்தான் ஜி.எஃப்.எஸ்.2, ஓ.சி.எஃப்.எஸ்.2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டங்கள். இதில் தரகர்கள் பலர். ஆனால் ஒவ்வொரு மனையையும் தொடும் முன் பூட்டு வாங்க வேண்டும். ஜி.எஃப்.எஸ்.2-ல் ஒவ்வொரு சர்வருக்கும் தனி ஜர்னல் உண்டு. மூன்று சர்வர் என்றால் மூன்று ஜர்னல்.

இனிதான் முக்கியமான கட்டம். ஒரு சர்வர் திடீரென்று பதில் சொல்லவில்லை. செத்துவிட்டதா, தூங்குகிறதா? செத்துவிட்டது என்று நினைத்து அதன் பூட்டை மற்றவருக்குக் கொடுத்த பிறகு அது எழுந்து பழைய கணக்கை எழுதினால்? ஆகவே முதலில் அதன் பவரையே துண்டித்துவிடுவார்கள். இதற்கு 'ஃபென்சிங்' என்று பெயர். 'ஸ்டோனித்' என்றும் சொல்வார்கள். அதன் விரிவு, அடுத்தவன் தலையில் சுடு என்பதுதான்! கொடூரமாகத் தெரிந்தாலும் டேட்டா பிழைப்பது இதனால்தான். அதற்குப் பிறகே இறந்தவரின் ஜர்னலை இன்னொருவர் படித்துச் சரிசெய்வார்.

சூப்பர் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் 'லஸ்டர்' போன்றவை. ஃபைலின் பெயர், விவரமெல்லாம் ஒரு சர்வரில். உள்ளடக்கம் துண்டு துண்டாகப் பல சர்வர்களில். எல்லா டிஸ்க்கும் ஒரே சமயத்தில் ஓடுவதால்தான் அந்த வேகம்.

இரண்டே பி.சி. வைத்து கிளஸ்டர் போட்டுப் பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நடுவில் நெட்வொர்க் கேபிள் அறுந்தால், "அவன் செத்தான், நான்தான் உசிரோட இருக்கேன்" என்று இரண்டுமே நினைக்கும். மூன்றாவதாக ஒரு பழைய பி.சி.யையாவது ஓட்டுப் போட மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.