எட்டாயிரம் என்று வந்தால்

பெரும்பாலும் குளிப்பாட்டும்போதுதான் கண்ணில் படும். முழங்காலுக்குக் கீழே பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்றால் தடிக்கும், அரிக்கும். இவை இரண்டும் செய்யாது. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாது. தோலுக்கடியில் கசிந்த ரத்தம் அது.

பரிசோதனையில் தட்டணு (பிளேட்லெட்) எட்டாயிரம் என்று வரும். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டியது. டெங்கு சீசனில் பிளேட்லெட்டை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விசாரித்துப் பழகியவர்கள் நாம், வீடே கலங்கிப்போகும்.

இது ‘ஐ.டி.பி.’ என்னும் தட்டணுக் குறைவு நோய். சளி, காய்ச்சல் வந்துபோன சில வாரங்களில், அதிகமாக 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு வருகிறது. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட எதிர்ப்புசக்தி, ஆள் மாறிச் சொந்தத் தட்டணுக்களையே அழிக்கிறது. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாரிங்டன் இதை நிரூபிக்க நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்களும் சரிந்தன. 1951-ல் வெளியான ஆய்வு. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குச் சம்மதிக்காது!

மூளையில் ரத்தம் கசியுமா என்பதுதான் பெற்றோரின் பயம். இந்த நோய் வந்த ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு அப்படி ஆகலாம். அவர்களில் பெரும்பாலோருக்கு எண்ணிக்கை இருபதாயிரத்துக்கும் கீழே. ஆனால் அதே எண்ணிக்கையில் ஓடி விளையாடும் குழந்தைகள்தான் மிக அதிகம். அதனால்தான் தோலில் மட்டும் புள்ளி இருந்தால், எண்ணிக்கை எவ்வளவானாலும் மருந்தில்லாமல் கவனிக்கலாம் என்கிறது 2019-ல் வந்த அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் வழிகாட்டுதல். ‘டாக்டர் ஒண்ணுமே பண்ணலை’ என்று கோபப்படுவதில் நியாயமில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடும்.

மூக்கிலும் வாயிலும் ரத்தம் நிற்காவிட்டால் ஸ்டீராய்டு, அல்லது இம்யூனோகுளோபுலின் ஊசி. பின்னது விலை அதிகம். அதன் பக்கவிளைவே தலைவலியும் வாந்தியும்தான். மருந்தா, மூளைக் கசிவா என்று தெரியாமல் நடுராத்திரியில் சி.டி. ஸ்கேனுக்கு ஓட வேண்டிவரும்.

கசிவு உறுதியானால் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், தட்டணு என எல்லாம் ஒன்றாக ஏறும். மற்ற நேரத்தில் தட்டணு ஏற்றிப் பெரிய பயனில்லை. ஏற்றியதையும் உடம்பு அழித்துவிடும்.

வீட்டில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். தலையில் அடிபட்டாலோ, விடாத தலைவலி, வாந்தி, அசாதாரணத் தூக்கம், வலிப்பு என்றாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவில் நுழைந்ததும், என்ன நடந்தது என்று விவரிக்கும் முன்பே, ‘குழந்தைக்குப் பிளேட்லெட் கம்மி’ என்று சொல்லிவிடுங்கள்.