சமையல் பிடிக்காத தாயும் பிள்ளையின் மதிய டப்பாவும்

மும்பை தாராவியில் காலை 5 மணி. குழாயில் தண்ணீர் வந்து விட்டது. குடம் நிரப்ப வேண்டும். துணி அலச வேண்டும். 8 மணிக்குள் சயான் ஸ்டேஷனில் ரெயில் பிடிக்க வேண்டும். இதற்கு நடுவே பிள்ளையின் டப்பாவுக்கு என்ன செய்வது?

"சமையல் என்றாலே எனக்கு வேப்பங்காய்" என்கிறார், தானேயில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் பெண்மணி. சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். மகள் 9-ம் வகுப்பு படிக்கிறாள்.

8-ம் வகுப்பு வரை மகளுக்குப் பள்ளியிலேயே மதிய உணவு கிடைத்தது. 1995-ல் தொடங்கிய மத்திய அரசின் மதிய உணவுத் திட்டம், 2021 முதல் "பி.எம். போஷன்" என்ற பெயரில் நடக்கிறது. 8-ம் வகுப்போடு அந்தச் சாப்பாடு நின்று விடுகிறது. வளரும் பிள்ளைக்குப் பசி நிற்குமா?

தாயார் தினமும் 20 ரூபாய் கொடுத்து, "வடாபாவ் வாங்கிச் சாப்பிடு" என்று அனுப்பி வந்தார்.

ஒரு நாள் வகுப்பில் மகள் மயங்கி விழுந்தாள். 4 நாட்களாக மதியம் எதுவும் சாப்பிடவில்லை. காம்பஸ் பெட்டி வாங்கக் காசு சேர்த்திருக்கிறாள்!

அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். "சமைக்கப் பிடிக்காவிட்டால் போகட்டும். டப்பா கட்டத் தெரிந்தால் போதும்" என்று வழி சொன்னார்.

அக்கா சொன்ன வழிகள்

இட்லி: தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்கும் தமிழர்கள் பலர். 4 இட்லி வாங்கி, நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவினால் போதும். தேங்காய்ச் சட்னி வேண்டாம். மதியத்துக்குள் ஊசிப் போகும்.

அவல்: மராத்திக்காரர்களின் போஹா நம் அவல்தான். கெட்டி அவலை அலசி, வடித்து, 5 நிமிடம் வைக்கவும். கடுகு, வேர்க்கடலை, வெங்காயம் தாளித்துக் கிளறி, இறக்கி எலுமிச்சம்பழம் பிழியவும். அவலில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர எலுமிச்சையின் வைட்டமின் சி உதவும்.

முட்டை பாவ்: குடங்கள் நிரம்புவதற்குள் முட்டை வெந்து விடும். 10 நிமிடம் போதும். அதை வெட்டி, உப்பு, மிளகு தூவிப் பாவில் வைத்துக் கொடுக்கலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது.

தயிர் சாதம்: காலையில் வடித்த சோற்றைக் குழைத்து, இளஞ்சூட்டில் பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிர் சேர்க்கவும். மதியம் அளவாகப் புளித்திருக்கும். இரவு முழுவதும் வெளியே கிடந்த சோற்றைக் கட்டக் கூடாது. அதில் சேரும் கிருமி விஷம், மறுபடி சூடாக்கினாலும் போகாது.

யோசனைதான் பாதி வேலை

எந்தக் கிழமைக்கு எது என்று எழுதிச் சுவரில் ஒட்டி விட்டார் தாயார். காலையில் யோசிக்க வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் வேர்க்கடலை வறுத்து வைப்பது தகப்பனார் பொறுப்பு. சனிக்கிழமை அவல் மகளின் கைவேலை. காம்பஸ் பெட்டியைத் தகப்பனார் அந்த வாரமே வாங்கிக் கொடுத்து விட்டார்.

"இப்போதும் எனக்குச் சமையல் பிடிக்காதுதான். ஆனால் சாயங்காலம் வந்ததும் முதலில் டப்பாவைத்தான் திறந்து பார்க்கிறேன்" என்கிறார் தாயார்.

டப்பா காலியாக இருக்கிறது. அவருக்கு அது போதும்.